நாவோ அப்படிச் சொல்லவில்லை

உராவா,
1979 பிப்ரவரி, ஞாயிறு காலை.

அன்புள்ள சாயோ அப்பாவுக்கு,

தமயோ எழுதுவது. இங்கே நானும் சாயோவும் சௌக்கியம். நீங்கள் வேலைக்காகத் தனியாக இருக்கும் குஷிரோவில் துறைமுகத் தண்ணீர்கூட உறைந்து கிடப்பதாக நேற்று டிவியில் காட்டினார்கள். அதைப் பார்த்ததும் உங்கள் வயிறு ஞாபகம்தான் வந்தது. வயிற்றில் கட்டிக்கொள்ள நான் பின்னி அனுப்பிய கம்பளிப் பட்டை இரண்டும் பெட்டியிலேயே மடிப்புக் கலையாமல் இருக்கும் என்று எனக்குத் தெரியும். கட்டிக்கொண்டு ஆபீஸ் போங்கள். சட்டைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எந்த அதிகாரியும் பார்க்கப் போவதில்லை.

சாயோவுக்குச் சிபாவில் நர்ஸிங் பள்ளியில் இடம் கிடைத்ததை அவளே போனில் சொன்னாளாம். அதற்குப் பதிலாக நீங்கள் எனக்கு எழுதிய கடிதம் போன வாரம் வந்தது. "ஏப்ரலில் சாயோ விடுதிக்குப் போய்விடுவாள். இனி நீ உராவாவில் இருக்கக் காரணம் எதுவும் இல்லை. மார்ச் கடைசியில் வீட்டைக் காலி செய்துவிட்டு இங்கே வந்துவிடு. வீட்டுக்காரம்மாவுக்குச் சொல்லியாகிவிட்டது. நீ ரொம்ப சந்தோஷப்படுவதாக எங்கள் மேலாளரிடமும் சொல்லிவிட்டேன்" என்று எழுதியிருந்தீர்கள்.

உங்கள் கடிதத்தை முந்திக்கொண்டு வீட்டுக்காரம்மா குவபாரா வந்துவிட்டார் தெரியுமா? ஒரு கூடை ஆரஞ்சோடு வாசலில் நின்று, "சந்தோஷம் ஓகிதாம்மா! ஐயாகூடவே போயிடுறீங்களாமே. இத்தனை நாள் தனியா கஷ்டப்பட்டீங்க, இனிமே ஒரு குறையும் இல்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் எங்கே போகிறேன் என்றே எனக்குத் தெரியாது. தெரியாத பயணத்துக்கு வாழ்த்து வாங்கிக்கொண்டு, தலைகுனிந்து நன்றி சொல்லி, ஆரஞ்சை உள்ளே எடுத்து வந்தேன். சாயோ ஒன்றை உரித்துத் தின்றுகொண்டே, "இனிப்பா இருக்கும்மா, யாரு குடுத்தது?" என்றாள். வீட்டுக்காரம்மா என்று மட்டும் சொன்னேன்.

உங்களுக்குப் பதில் எழுதும் முன் இங்கே என் வேலையில் நடந்த ஒரு வம்பைச் சொல்ல வேண்டும். 'இவள் கதையை எடுத்துவிட்டாள்' என்று பக்கத்தைத் திருப்பாதீர்கள். இதை முழுக்கப் படித்தால்தான் என் பதில் புரியும்.

நீங்கள் என் படக்கதையில் ஒரு பக்கம்கூடப் படித்தது கிடையாது. "பொம்பளப் புள்ளைங்க படிக்கிறது, கண்ணெல்லாம் சாஸர் சைஸுக்கு இருக்கும், பூவா பறக்கும்" என்று உங்கள் தம்பியிடம் ஒருமுறை சொல்லிச் சிரித்தீர்கள். அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பூ பறப்பது உண்மைதான். கண்ணும் பெரிதுதான். அந்தப் பெரிய கண்ணை வரைந்துதான் சாயோவின் பல்லுக்குக் கம்பி கட்டினோம், உங்களுக்கு ஓவர்கோட் எடுத்தோம். அது போகட்டும்.

கதை இதுதான். கடலோர ஊர் ஒன்றில் பள்ளிக் கடைசி வருடம் படிக்கிறாள் நாவோ. கப்பலுக்கு வரைபடம் போடக் கற்றுக்கொள்ள நாகசாகி போக வேண்டும் என்பது அவள் ஆசை. அவள் வகுப்பிலேயே குரோகி என்று ஒரு பையன். அவன் அப்பா ஊரில், காசு கொடுத்து எல்லோரும் வந்து குளிக்கிற பொதுக் குளியல் கடை நடத்துகிறார். மழையில் ஒரே குடையில் வருவது, விளையாட்டு விழாவில் கால் சுளுக்கி விழுவது, மொட்டை மாடியில் டிபன் பெட்டியை மாற்றிச் சாப்பிடுவது எல்லாம் உண்டு. வெட்கப்படாமல் வரைந்தேன், வாசகிகளும் வெட்கப்படாமல் படித்தார்கள். கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் பள்ளி வாசலில் வைத்து குரோகி அவளிடம், "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்கிறான். அதோடு விட்டிருந்தால் கதை பூவோடு முடிந்திருக்கும். கூடவே, "நாகசாகி எல்லாம் எதுக்கு? பேசாம என் பின்னாடி வா. நான் பாத்துக்கறேன்" என்கிறான். ஆண்கள் எல்லோரும் வீரம் என்று நினைத்துச் சொல்கிற அதே வசனம்தான்.

நாவோ சொன்னது ஒரே வார்த்தை. "மாட்டேன்."

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நீங்கள் கேட்டதில்லை, அதனால் சொன்னதில்லை. படம் முழுக்க நான் மையில் வரைவேன். வசன பலூனுக்குள் மட்டும் பென்சிலில் எழுதி விடுவேன். பத்திரிகை ஆபீஸில் அந்த வசனத்தை அச்செழுத்தில் எடுத்து, கத்தரித்து, பலூனுக்குள் பசை போட்டு ஒட்டுவார்கள். பென்சிலை ரப்பரால் அழித்துவிடுவார்கள். இத்தனை வருடத்தில் ஒட்டும்போது ஒரு எழுத்து தலைகீழாகப் போனதுண்டு. வார்த்தையே மாறியது இல்லை.

இந்த மாதப் பத்திரிகை வந்த அன்று சாயோ பள்ளியிலிருந்து வந்தவள், தோளில் இருந்த பையைக்கூடக் கழற்றாமல் அதை என் வரைபலகை மேல் போட்டாள். "என்னம்மா இது? மூஞ்சி ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது!" என்று கத்தினாள். பார்த்தேன். நாவோ இரண்டு கையையும் முறுக்கிக்கொண்டு நிற்கிறாள். புருவம் நெறிந்திருக்கிறது. நான் வரைந்த அதே முகம். பலூனுக்குள் அழகான அச்செழுத்தில், "ம்... உன் பின்னாடியே வர்றேன்" என்று ஒட்டியிருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாயோவின் சிநேகிதி மிக்காகோ, "உங்கம்மா கடைசில நாவோவ குளியல் கடையில துண்டு மடிக்க அனுப்பிட்டாங்களே" என்று கேலி செய்தாளாம். டோயாமாவிலிருந்து ஒரு சின்னப் பெண் பத்திரிகைக்கு எழுதிக் கேட்டிருக்கிறாள்: "நாவோ அக்காவுக்குப் பல்வலியா? சந்தோஷமான இடத்துல ஏன் அப்படி மூஞ்சிய வெச்சிருக்காங்க?" எவ்வளவு சரியாகக் கேட்டிருக்கிறாள் பாருங்கள்.

என் எடிட்டர் ஹிருமாவுக்கு போன் போட்டேன். நம் சாயோவைவிடக் கொஞ்சம்தான் பெரியவர் மாதிரி இருப்பார், ஆனால் பெண் பிள்ளைகளின் மனசு முழுக்கத் தன் சட்டைப்பையில் இருப்பதாக நினைப்பு. என்னை வாய்க்கு வாய் 'சென்சேய்' என்று மரியாதையாகக் கூப்பிட்டுக்கொண்டே நினைத்ததைச் செய்துவிடுவார். "என் பொண்ணு வாயில அந்த வார்த்தைய வெச்சது யாரு?" என்று கேட்டேன். "சென்சேய், கோவிச்சுக்காதீங்க. அச்சுக்குப் போற அவசரம். நம்ம புள்ளைங்க கனவு காணத்தான் பத்திரிகை வாங்குதுங்க. மூணு வருஷம் ஆசையா படிச்சிட்டு கடைசில 'மாட்டேன்'னு வந்தா அழுதுடுங்க. உங்களுக்கும் சந்தோஷமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்.

ஒரே வாரத்தில் இரண்டு ஆண்கள், என்னைக் கேட்காமலே நான் சந்தோஷப்படுவதாக முடிவு செய்திருக்கிறார்கள். நான் போனை வைத்துவிட்டேன். வணக்கம்கூடச் சொல்லவில்லை. சாயோ கை தட்டினாள்.

ஹிருமா திரும்ப போன் செய்து, கடைசி அத்தியாயம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று சொன்னார். நாவோ தலையில் துண்டு கட்டிக்கொண்டு குளியல் கடை வாசலைக் கூட்ட வேண்டும், குரோகி சிரித்துக்கொண்டே வந்து அவள் தலையில் கை வைக்க வேண்டும், பூப் பறக்க வேண்டும். அப்படி முடித்தால் கோடையில் புதுத் தொடர் எனக்கு. இல்லாவிட்டால் 'பார்க்கலாம்'. டோக்கியோக்காரர்கள் 'பார்க்கலாம்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

நான் உட்கார்ந்து வரைந்தேன். ஹிருமா சொன்னபடியே முதல் பக்கத்தில் குளியல் கடை. ஆனால் நாவோ துடைப்பத்தோடு இல்லை, குளிக்க வந்திருக்கிறாள். வாசலில் காசு வாங்குகிற குரோகியின் அம்மா அவள் கையைப் பிடித்து, "சந்தோஷம்மா! எங்க வீட்டுக்கே வந்துடப் போறியாமே" என்கிறாள். நனைந்த தலையோடு நாலு பெண்கள் எட்டிப் பார்த்து வாழ்த்துகிறார்கள். ஒருத்தி ஆரஞ்சுகூடக் கொடுக்கிறாள். குரோகி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறான். பையன் பாவம், மகிழ்ச்சியில்தான் சொன்னான். நாவோ சோப்புக் கிண்ணத்தை அங்கேயே வைத்துவிட்டு நேரே ஆண்கள் பக்கம் போய்த் திரையை விலக்குகிறாள். (இந்த இடத்தில் சாயோ விழுந்து விழுந்து சிரித்தாள். யாரையும் அம்மணமாக வரையவில்லை, கவலைப்படாதீர்கள், எங்கும் நீராவி.) குரோகி அங்கே தரையைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான். "நான் அப்படிச் சொல்லவில்லை" என்கிறாள் நாவோ.

அடுத்தது அவளுடைய அந்த ஒரு வார்த்தை. அதைப் பலூனுக்குள் வைக்கவில்லை. கதவு அடிக்கும் சத்தம், மழைச் சத்தம், நெஞ்சு படபடக்கும் சத்தம், இவற்றை எல்லாம் நாங்களே தூரிகையால் படத்தின் மேலேயே வரைவோம். அவை படத்தோடு படம், யாரும் ஒட்ட மாட்டார்கள், அழிக்கவும் முடியாது. அந்த மாதிரி, பக்கத்தின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, என் கையால், கறுப்பு மையில், 'மாட்டேன்' என்று வரைந்தேன். எழுத்து நாவோவின் கூந்தலுக்குள் புகுந்து, குரோகியின் தோளில் ஏறி, நீராவியைக் கிழித்துக்கொண்டு போகிறது. அதை எடுக்க வேண்டுமென்றால் அவள் முகத்தையே வெட்டி எடுக்க வேண்டும். வெட்டட்டும் பார்க்கலாம்.

இந்த இடத்தில் யாரோ கதவைத் தட்ட, கடிதத்தை நிறுத்திவிட்டு எழுந்து போனேன். வாசலில் ஹிருமா.

ஞாயிற்றுக்கிழமை, முன்னறிவிப்பு இல்லை, கையில் க்ரீம் பன் பெட்டி. பெரிய பெட்டியாக இருந்தால் பெரிய சங்கடத்தோடு வந்திருக்கிறார் என்று அர்த்தம். இது ரொம்பப் பெரிய பெட்டி. டீ கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டினார். ஆரஞ்சுப் பக்கத்தில் சிரித்தார். அந்தப் பெரிய வார்த்தை வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

"சென்சேய்... இது இருந்தா எங்க தலைவர் என்னைக் கடிச்சுத் துப்பிடுவாரு."

"துப்பட்டும். நீங்க இந்த மாசம் என்னைத் துப்பினீங்களே" என்றேன்.

"கோடைத் தொடர் கைவிட்டுப் போயிடும் சென்சேய். நான் உங்க நல்லதுக்குச் சொல்றேன். வயசும் ஆகுது, இப்ப வர்ற பொண்ணுங்க எல்லாம் இருபதுதான். அவங்க சொன்னபடி கேக்கறாங்க."

வயசைப் பற்றிச் சொன்னதும் எனக்குப் பயம் வந்தது. அதை மறைக்க மாட்டேன். இந்தப் பலகையை விட்டால் எனக்கு வேறு வேலை தெரியாது. ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிதாக இருந்தது. "போனா போகட்டும். அந்த வார்த்தை இருந்தாதான் பக்கம் வெளியே போகும். இல்லாட்டி நாவோ இந்த வீட்டிலேயே இருக்கட்டும். நான் சோறு போடறேன்" என்றேன்.

அப்போது பக்கத்து அறையிலிருந்து உங்கள் மகள் தலையை நீட்டினாள். "ஹிருமா சார், நீங்க உங்க சம்சாரத்தைக் கேட்டுட்டா கல்யாணம் பண்ணீங்க, இல்ல 'பின்னாடி வா'ன்னு கூட்டிட்டு வந்தீங்களா?" மனிதருக்குக் காது வரை சிவந்துவிட்டது. டீயைக் கீழே வைத்து, மெதுவாக, "நான் எங்க கேட்டேன்... அவதான் கேட்டா. பிப்ரவரியில, காதலர் தினத்தன்னிக்கு சாக்லெட் குடுத்து. நான் பதில் சொல்ல ஒரு வாரம் ஆச்சு" என்றார். சாயோ விடவில்லை. "அந்த ஒரு வாரமும் அவங்க உங்க பதிலை அவங்களாவே ஒட்டிக்கலையே சார்?" நான் அவளை அதட்டினேன். ஆனால் மனசுக்குள் அவளுக்கு ஒரு க்ரீம் பன் கூடுதலாகக் கொடுத்தேன்.

ஹிருமா டீயைக் குடித்து முடித்தார். பிறகு பக்கங்களைத் துணியில் சுற்றிக்கொண்டார். வார்த்தையை விட்டுவைப்பதாகவும் தலைவரிடம் தானே பேசுவதாகவும் சொன்னார். கோடைத் தொடர் பற்றி வாக்குக் கொடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. வாசலில் செருப்பு மாட்டும்போது திரும்பி, "சென்சேய், கடைசிப் பக்கத்துல குரோகியோட பலூன் காலியா இருக்கே. என்ன வசனம்?" என்றார். "இன்னும் தெரியாது" என்றேன். வெள்ளிக்கிழமை வருகிறேன், அதற்குள் வேண்டும் என்று அந்த ஒரு பக்கத்தை மட்டும் விட்டுவிட்டுப் போனார்.

அவர் போன பிறகு நான் மாடிக்குப் போய் வீட்டுக்காரம்மாவைப் பார்த்தேன். க்ரீம் பன்னில் பாதியைக் கொடுத்து, "நான் காலி பண்ணலைங்க" என்றேன். "ஐயா சொன்னாரே?" என்று கண்ணை விரித்தார். "ஐயா சொன்னாரு. நான் சொல்லலையே" என்றேன். அவருக்கு என்ன புரிந்ததோ, பன்னை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். நாளைக்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். உங்களுக்கு வேறு யாரும் சொல்லித் தெரிய வேண்டாம் என்றுதான் இன்றே இதை எழுதி முடிக்கிறேன்.

குஷிரோ எனக்குப் பிடிக்காது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பனியும் மீன்வாசனையும் என்னைக் கொன்றுவிடாது. நீங்கள் எழுதிய மாதிரி, பேனாவும் காகிதமும் அங்கேயும் கிடைக்கும், பக்கங்களைத் தபாலில் அனுப்பலாம். எல்லாம் உண்மை. நீங்கள் தனியாகச் சமைத்து, சட்டியில் இருந்தே நின்றுகொண்டு தின்பதை நினைத்தால் எனக்கும் மனசு கேட்பதில்லை. ஆனால் 'நீ அங்கே இருக்கக் காரணம் இல்லை' என்று எழுதினீர்களே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. காரணம் நான். நான் இங்கே உட்கார்ந்து வரைகிறேன் என்பதே காரணம். அது சின்னக் காரணமாகவே இருக்கட்டும், அதைப் பென்சில் எழுத்து மாதிரி அழித்துவிட யாருக்கும் உரிமை இல்லை.

நம் பெண்பார்க்கும் நாள் உங்களுக்கு நினைவிருக்கிறதா? எல்லோருக்கும் பயறு இனிப்பு வைத்தார்கள். எனக்கு அது சேராது, வாயைத் திறந்து சொல்லத் தைரியம் இல்லை. பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது நீங்கள் ஒன்றும் கேட்காமல் என் தட்டில் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டீர்கள். அந்த நிமிடமே சரி என்று முடிவு செய்துவிட்டேன். அன்று கேட்காமல் சரியாகச் செய்தீர்கள். அதிலிருந்து கேட்காமல் செய்வதே சரி என்று பழகிவிட்டீர்கள். அப்போது எனக்குப் பேச வரவில்லை. இப்போது வரும். நன்றாகவே வரும்.

மார்ச்சில் நான் வரவில்லை. இது என் பதில். என் கையால் மையில் எழுதியிருக்கிறேன். உங்கள் மேலாளரிடம் இதை இப்படியே சொல்லுங்கள், சந்தோஷம் சேர்க்காதீர்கள்.

இனி ஒரு வேண்டுகோள். கடைசிப் பக்கம் என் எதிரே பலகையில் இருக்கிறது. நாவோ 'மாட்டேன்' என்று சொல்லி முடித்துவிட்டாள், ஆனால் போகவில்லை, நின்றுகொண்டிருக்கிறாள். குரோகி தேய்க்கும் பிரஷ்ஷைக் கையில் பிடித்தபடி அவளைப் பார்க்கிறான். அவன் கெட்டவன் இல்லை. அவள் நனைவாள் என்று குடையை முழுக்க அவள் பக்கம் சாய்த்துப் பிடித்தவன். அவன் கோபப்படலாம். 'அப்ப போ' என்று திரும்பிக்கொள்ளலாம். இல்லை, முதல் தடவையாக, 'அப்போ உனக்கு என்ன வேணும்?' என்று கேட்கலாம். நான் நினைத்தால் எனக்குப் பிடித்ததை அவன் பலூனில் எழுதிவிடலாம், ஒரு நிமிட வேலை. பேனாவையும் எடுத்துவிட்டேன். கை வரவில்லை. எனக்குச் செய்ததை நான் அவனுக்குச் செய்ய மாட்டேன்.

போன் செய்ய வேண்டாம். போனில் நீங்கள் 'ம்' என்பீர்கள், 'ம்' என்பதை வைத்துக்கொண்டு கதையை முடிக்க முடியாது. இதை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன், நீங்களும் வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரும்படி அப்படியே எழுதிப் போடுங்கள். குரோகிக்கு ஒரு வரி போதும். உங்கள் மனதில் இருப்பதே வேண்டும், எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து எதுவும் எழுத வேண்டாம். எதுவாக இருந்தாலும் ஒரு எழுத்து மாற்றாமல் ஒட்டச் சொல்கிறேன்.

அவன் என்ன சொல்வான்?

காத்திருக்கும்,
தமயோ